உண்மையுள்ளவர் என்று சொல்ல நா எழாத நாட்களில்

காலைவிழிப்பு எழுதியது:

கர்த்தருக்குள் அன்பான அனைவருக்கும் என் வாழ்த்துகள். எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் தயங்கிய பிறகே இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து இது மூன்றாம் ஆண்டு. வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ் நடக்கிறது. அவருடைய அண்ணன் சிறுநீரகம் தர முன்வந்தார். எல்லாம் பொருந்தி வந்து, அறுவைசிகிச்சைக்கு நாளும் குறித்த பிறகு, தானம் செய்தால் அண்ணனின் உடல்நலத்துக்கே பிற்காலத்தில் ஆபத்து வரலாம் என்று கடைசிப் பரிசோதனையில் தெரிந்து, மருத்துவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த நாளுக்காக நாங்கள் 21 நாள் உபவாசித்து ஜெபித்திருந்தோம்.

டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அவருடைய இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கு அடியில் ஓர் அதிர்வு, தூங்கும் பூனையின் வயிற்றில் கை வைத்தது போல, இடைவிடாமல் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அந்த அதிர்வு நின்றுபோனால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே தினமும் விழித்தவுடன் நான் முதலில் செய்வது அவர் கையில் விரலை வைத்துப் பார்ப்பதுதான். ஜெபம் அதற்குப் பிறகுதான் வருகிறது. சில நாட்களில் வருவதும் இல்லை.

ஆராதனையில் சாட்சி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து, வேலை கிடைத்தது, கடன் தீர்ந்தது, குழந்தை பிறந்தது, தேவன் உண்மையுள்ளவர் என்று சொல்கிறார்கள். அவர்கள் மகிழ்ச்சியில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வர மறுக்கிறது. விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அடையுங்கள் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். தேடிப் பார்த்துவிட்டேன், எங்கே என்று தெரியவில்லை.

நான் ஆறுதல் கேட்டு எழுதவில்லை. பொருள் கேட்டு எழுதுகிறேன். கேட்டது கிடைத்தவர்கள் அவரை உண்மையுள்ளவர் என்கிறார்கள். கேட்டது கிடைக்காத வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?


பழையபாதை எழுதியது:

அன்புச் சகோதரி, மனம் தளராதீர்கள். உங்களைக் குறித்து அவர் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று எரேமியா 29:11 சொல்கிறது. நம் திராணிக்கு மிஞ்சிய எதையும் தேவன் நமக்குத் தருவதில்லை என்று 1 கொரிந்தியர் 10:13 வாக்குக் கொடுக்கிறது. இந்த இரண்டையும் தினமும் அறிக்கையிடுங்கள். உங்கள் சாட்சியையும் இங்கேயே வாசிப்போம் என்று விசுவாசிக்கிறேன்.


ஓலைச்சுவடி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். பழைய ஏற்பாட்டைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், நீங்கள் கேட்ட "பொருள்" என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு பதில் எழுத முயல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. சகோதரர் பழையபாதை மன்னிக்க வேண்டும். 1 கொரிந்தியர் 10:13 பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றிப் பேசுகிறது. அதில் விழாமல் தப்பிக்க ஒரு வழியை உண்டாக்குவார் என்பதே அங்குள்ள வாக்கு. துன்பம் ஒருபோதும் நம் பலத்தை மிஞ்சாது என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. சொல்லப்போனால், அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் தனக்கு நேர்ந்த உபத்திரவம் தன் பலத்துக்கு மிஞ்சியதாக இருந்தது என்றும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்றும் அவரே எழுதுகிறார். ஆகவே தாங்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னால், அதற்காக உங்களை விசுவாசக் குறைவுள்ளவர் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் பவுலையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நம் வேதாகமத்தில் தேவனுடைய "உண்மை" என்று வரும் இடங்கள் பலவற்றில் எபிரெயத்தில் இருக்கும் சொல் "எமூனா". நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் "ஆமென்" அதே வேரிலிருந்து பிறந்தது. உறுதி, அசையாமை, சார்ந்து நிற்கத் தக்க தன்மை என்பவை அதன் அடிப்படைப் பொருள். கைக்குழந்தையை ஏந்தி வளர்ப்பவரைக் குறிக்கும் சொல்லும் அந்த வேரிலிருந்து வருகிறது. பேரனை மடியில் வைத்து வளர்த்த நகோமிக்கு ரூத் 4:16-ல் அந்தச் சொல்தான் பயன்படுகிறது. ஏந்திக்கொண்டிருக்கும் கை அந்த வேரிலேயே இருக்கிறது.

யாத்திராகமம் 17-ம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு போர் நடக்கும்போது மோசே மலையுச்சியில் கையை உயர்த்தி நிற்கிறார். கை தாழும்போதெல்லாம் அமலேக்கியர் மேற்கொள்கிறார்கள். அவர் கைகள் சோர்ந்துபோகின்றன. ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பக்கமாகக் கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அவருடைய கைகள் "ஒரே நிலையாயிருந்தது" என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. அந்த "ஒரே நிலை" என்ற இடத்தில் மூலத்தில் நிற்கும் சொல் எமூனா. வேதாகமத்தை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வருபவர் இந்தச் சொல்லை முதன்முதலாகச் சந்திப்பது இங்கேதான். அந்தக் கைகள் தம் பலத்தால் அசையாமல் நின்றவை அல்ல. சோர்ந்துபோன பிறகு, தாங்கப்பட்டதால் நின்றவை.

புலம்பல் 3-ம் அதிகாரத்தில் உள்ள "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற வரியை நாம் சுவர்களில் எழுதி மாட்டுகிறோம். அது எழுந்த இடத்தை மறந்துவிடுகிறோம். கி.மு. 586 அளவில் எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்து, ஆலயம் எரிந்து, குழந்தைகள் தெருவில் பசியால் மயங்கி விழுந்த காலத்தைப் பாடும் நூல் அது. அந்த வரிக்குச் சற்று மேலே 8-ம் வசனத்தில், நான் கூப்பிட்டாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார் என்கிறான் அதே மனிதன். 18-ல் என் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்கிறான். 22-லும் 23-லும் அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்கிறான். அந்த இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு வெளியே எதுவும் மாறவில்லை. மதில் திரும்ப எழவில்லை, பஞ்சம் தீரவில்லை. அதன்பின் மகிழ்ச்சியோடு நூல் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. புலம்பல் இன்னும் இரண்டு அதிகாரம் தொடர்ந்து, எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ என்ற கேள்வியில் நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில் கட்டப்பட்டவை. மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வசனங்கள் வீதம் 66 வசனங்கள். நெஞ்சு சிதறிப்போனவன் எழுத்துக்கு எழுத்து அடுக்கி அழுதிருக்கிறான். அழுகைக்கு அவன் ஒரு கரை கட்டிக்கொண்டான் என்றே அதை நான் எப்போதும் வாசித்து வந்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது: உண்மையுள்ளவர் என்பது நாம் கேட்டதைக் கொடுத்தவருக்கு நாம் சூட்டும் பட்டம் அல்ல. கொடுத்த நாளிலும் கொடாத நாளிலும் கையை எடுத்துவிடாதவர் என்பதே அதன் பொருள். உங்கள் வீட்டில் அது இப்போது எந்த உருவில் இருக்கிறது என்பதை நான் தூரத்திலிருந்து சொல்லக் கூடாது.


கரைமேடு எழுதியது:

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் அதோடு நிறுத்த முடியாதவர்களும் இருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மகள் 9 வயதில் இறந்துபோனாள். சகோதரியின் கணவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவருடைய கையில் இன்னும் அதிர்வு ஓடுகிறது. நின்றுபோனவர்களின் வீட்டில் தேவனுடைய உண்மை எது என்பது என் கேள்வி. அவள் பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் புட்டியில் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைக் கொட்ட எனக்குப் பல மாதங்கள் ஆயின. அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த மனிதனிடம், எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்கள் மேல் இப்போது கோபம் இல்லை. ஆனால் அன்று அவர்கள் சொன்னது தேவனைப் பற்றிய உண்மையாக என் காதில் விழவில்லை. என்னிடமிருந்து சீக்கிரம் எழுந்துபோவதற்கான வழியாகத்தான் விழுந்தது.

அந்த நாட்களில் என்னால் வாசிக்க முடிந்த ஒரே சங்கீதம் 88. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஓர் இடத்தில் துதியின் பக்கம் திரும்பும். 13-ம் சங்கீதத்தில் எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்பவர்கூட ஆறே வசனங்களுக்குள் பாட்டுக்கு வந்துவிடுகிறார். 88 திரும்புவதே இல்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் "இருள்". உமது உண்மை பாதாளத்தில் அறிவிக்கப்படுமோ என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. ஐயா சொன்ன அதே எமூனாதான் அங்கேயும் இருக்கிறது என்று பிற்பாடு ஒரு நண்பர் காட்டினார். அதற்குப் பதில் அந்தச் சங்கீதத்தில் இல்லை. பதில் இல்லாத ஜெபத்தை வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதுதான் என்னைத் தேவனிடமிருந்து முழுதாகப் போய்விடாமல் நிறுத்தியது. அதை எழுதியவனும் இரவும் பகலும் அவரை நோக்கியே கூப்பிடுகிறான். வேறு யாரிடமும் போய் முறையிடவில்லை.

எபிரெயர் 11-ம் அதிகாரத்தையும் நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். விசுவாசத்தினால் சிங்கங்களின் வாய்களை அடைத்தார்கள், பட்டயத்துக்குத் தப்பினார்கள் என்று போய்க்கொண்டிருக்கும்போது, 35-ம் வசனத்தின் நடுவில் "வேறு சிலர்" என்று ஒரு திருப்பம் வருகிறது. அந்த வேறு சிலர் கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள், பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தார்கள். தப்பியவர்களுக்கும் தப்பாதவர்களுக்கும் சேர்த்து, விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றவர்கள் என்று அந்த அதிகாரம் ஒரே சொல்லைத்தான் சொல்கிறது. எங்கள் மகள் எந்தப் பட்டியலில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். உயிர்த்தெழுதலைத் தவிர அவளுக்குத் தேவன் கொடுத்திருக்கும் வாக்கு வேறு இல்லை. அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கிறேன். அது வீண்போனால், எனக்கு வேறு எந்தச் சமாதானமும் வேண்டாம்.

இரண்டு ஆண்டுகள் நான் சபையில் ஒரு பாடலும் பாடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.


பழையபாதை எழுதியது:

சகோதரி, நான் முதலில் எழுதியதை இன்று வாசிக்கும்போது மனம் உறுத்துகிறது. யோபுவின் நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் அதுதான் சிறந்தது; வாயைத் திறந்த பிறகுதான் பிழை செய்தார்கள். நான் உட்காராமலேயே பேசிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

ஆயினும் உள்ளபடியே எனக்கொரு சந்தேகம் இருக்கிறது, அதை ஓலைச்சுவடி ஐயாவிடம் கேட்கிறேன். இப்படிப் பேசிக்கொண்டே போனால், சுகத்துக்காகக் கேட்பதையே நாம் விட்டுவிட மாட்டோமா? கேட்பவன் பெற்றுக்கொள்வான் என்று இயேசு சொன்னாரே. கிடைக்காமல் போனால் மனம் உடையுமே என்று பயந்து, ஒன்றும் எதிர்பார்க்காமல் இருப்பதற்கும் விசுவாசம் என்று பெயர் வைத்துவிடுவோமோ?


ஓலைச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி, கேட்டே ஆக வேண்டிய கேள்வி. கேட்பதை விட்டுவிடக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். நீங்கள் எடுத்துக்காட்டிய எரேமியா 29:11-க்கு ஓர் அதிகாரம் முன்னால் போய்ப் பார்ப்போம்.

28-ம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, 2 ஆண்டுகளுக்குள் பாபிலோன் ராஜாவின் நுகம் முறிக்கப்படும், கொண்டுபோன ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்டுப்போன ஜனங்களும் திரும்பிவருவார்கள் என்று ஜனங்கள் முன்பாக அறிவிக்கிறான். அதற்கு எரேமியாவின் முதற்சொல் என்ன தெரியுமா? "ஆமென்". கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். கண்ணீரின் தீர்க்கதரிசி என்று நாம் அழைக்கும் அவருக்கும் உள்ளத்தில் அந்த ஆசைதான் இருந்தது. தன் ஜனங்கள் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறு எதை விரும்பியிருப்பார்? ஆனால் தேவன் தமக்குச் சொல்லாததைத் தேவன் சொன்னார் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சிறைப்பட்டுப்போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெற்றுப் பெருகுங்கள் என்கிறார். பாபிலோனுக்கு 70 ஆண்டுகள் நிறைவேறின பின்பே உங்களைச் சந்திப்பேன் என்று கர்த்தர் சொல்வதாக 29-ம் அதிகாரத்தின் 10-ம் வசனம் சொல்கிறது. நாம் மனப்பாடமாகச் சொல்லும் 11-ம் வசனம் அதை ஒட்டி வருகிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் பலர், திரும்பிப் போகும் நாளைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான், உங்களைக் குறித்து நான் கொண்டிருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று எழுதப்பட்டது.

ஆகவே சுகத்துக்காகக் கேளுங்கள், முழு மனதோடு ஆமென் சொல்லுங்கள். பவுல், மாம்சத்திலுள்ள முள் என்று தான் சொன்ன உபாதை நீங்க வேண்டும் என்று மூன்று முறை வேண்டிக்கொண்டார். கிடைத்தது வேறு பதில், ஆனால் கேட்டதற்காக அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவரும் தம் பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்டார். தவறு நேர்வது, தேவன் குறிக்காத ஒரு தேதியை நாம் அவர் பெயரால் குறித்து, அது பொய்த்துப்போகும்போது நோயாளியின் விசுவாசத்தில் ஓட்டை தேடும்போதுதான். 2 ஆண்டுகள் என்ற அனனியாவின் செய்தி இனிமையாகத்தான் இருந்திருக்கும். அதை நம்பித் தோட்டம் போடாமல் இருந்தவன் மூன்றாம் ஆண்டில் பட்டினி கிடந்திருப்பான்.

கரைமேடு அவர்களே, உங்களுக்குப் பதிலாக என்னிடம் ஒன்றும் இல்லை. 88-ம் சங்கீதத்தைத் தொகுத்தவர்கள் அதை 89-க்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். தேவனுடைய எமூனாவை ஏழு முறை சொல்லும் சங்கீதம் 89. அதுவும் நடுவில் உடைந்து, ஆண்டவரே, உமது பழைய கிருபைகள் எங்கே என்று கேட்கிறது.


தாதிப்பணி எழுதியது:

நான் டயாலிசிஸ் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிசெய்யும் செவிலி. வேத அறிவில் ஐயாவுக்கு நிகராக நான் எழுத முடியாது. நான் பார்ப்பதை எழுதுகிறேன்.

சகோதரி, உங்களைப் போல வெளியே நாற்காலியில் காத்திருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நோயாளியின் இரத்த அழுத்தத்தை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். வெளியே உட்கார்ந்திருப்பவர் சாப்பிட்டாரா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது, தேவன் அவருக்கு உடனே பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். மெல்லிய சத்தமும் கேள்விகளும் அதற்குப் பின்புதான் வந்தன. பயணம் உனக்கு வெகுதூரம் என்பதைத் தூதனே ஒப்புக்கொண்டான்.

உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது? ஜெபம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பசி வருகிறதா? விசுவாசம் குறைந்துவிட்டது என்று நினைத்து வருந்திய சிலருக்கு உண்மையில் இருந்தது கடும் மனச்சோர்வு என்பதையும், மருத்துவரைப் பார்த்த பிறகு அவர்கள் தேறியதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப் போவது அவிசுவாசம் அல்ல. எலியாவுக்கு வந்த அடையைப் போல அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

மோசேயின் கையைத் தாங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஜெபக்குறிப்பில் உங்கள் பெயரை எழுதிக்கொண்டவர்களில் ஒருவரிடமாவது, வாரத்தில் ஒரு நாள் அந்த 4 மணி நேரம் என் இடத்தில் உட்காருவீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தயங்க வேண்டாம். உதவிசெய்ய மனமிருந்தும் என்ன செய்வதென்று தெரியாமல்தான் பலரும் வசனத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.


காலைவிழிப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை. நடுவில் அவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் மருத்துவமனையிலேயே இருந்தோம். இப்போது வீட்டில் இருக்கிறார்.

கரைமேடு அவர்களே, உங்கள் மகளை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் இன்னும் அதிர்வு ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதை என்னால் மறக்க முடியவில்லை. அது குற்றச்சாட்டாக எனக்குப் படவில்லை. நான் பயத்தோடு மட்டும் தொட்டுவந்த ஒன்றை நீங்கள் வேறொரு பக்கத்திலிருந்து காட்டினீர்கள்.

பழையபாதை அவர்களே, உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் திரும்பி வந்து எழுதியதே எனக்குப் பெரிது.

செவிலிச் சகோதரி சொன்னபடி ஒருவரிடம் கேட்டேன். விசுவாசத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொன்ன அதே பெரியவரிடம்தான் கேட்டேன். வீட்டுக்கு அருகில் இருப்பவர் அவர் ஒருவரே. சற்று நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிறகு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். நேற்று அவர்தான் போய் உட்கார்ந்திருந்தார். நான் வீட்டில் 3 மணி நேரம் தூங்கினேன்.

கேள்வி தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அடுத்த ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வேனா என்பதும் தெரியவில்லை. புலம்பல் மூன்றாம் அதிகாரத்தை மட்டும் முதல் வசனத்திலிருந்து 66 வரை நானும் என் கணவரும் மாறி மாறி வாசித்தோம். எட்டாம் வசனம் என் முறையாக வந்தது. என் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார் என்பதைச் சத்தமாக வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, இதை நீயே எழுதியிருக்கலாமே என்றார்.

இன்று காலையில் இருள் பிரிவதற்கு முன்பே விழிப்பு வந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல அவர் கையில் விரலை வைத்தேன். அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. உடனே விரலை எடுத்துவிட்டு எழுந்துபோவதுதான் என் வழக்கம். இன்று எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆமென் என்று மட்டும் சொன்னேன். அதற்கு முன்னால் ஜெபமாக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.